முக்கனியும் இளஞ்சூடும்: அருட்பாப் பாடல் ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி

ஆனியும் ஆடியும் ஜொகூரில் பழக்காலம். இளவேனில், முதுவேனில் என்று வகுத்துச் சொல்லத்தக்க பருவங்கள் நிலநடுக்கோட்டை அடுத்துக் கிடக்கும் இந்நிலத்திற்கு இல்லை. ஆயினும், டுரியானும் செம்பெடாக்கும் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் ஒருங்கே வந்து குவியும் இவ்விரு திங்களையே நமக்கு வாய்த்த கோடை எனக் கொள்ளலாம். தங்காக், சிகாமட், மூவார் வழியே செல்வோர் சாலையோரப் பந்தல்களில் இப்பழங்கள் மலைபோல் கிடக்கக் காண்பர். அதே நாட்களில்தான் நம் மாரியம்மன் கோயில்களில் ஆடித் திருவிழாவும் நிகழ்கிறது. வீடுகளில் விருந்தும் நடக்கிறது. விருந்தின் முடிவில் ‘முக்கனிப் பாயசம்’ என்ற பெயருடன் வார்க்கப்படுவது யாது? பல இடங்களில், டின்னைத் திறந்து கொட்டிய பழத்துண்டுகளும் டின்பாலும் சேமியாவும் கூடிக் கொதித்த ஒரு கலவையே. தெருவில் புதுப்பழம் அழுகுகிறது. இலையில் பழைய பழம் மிதக்கிறது.

இதைச் சமையற்காரரின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. முக்கனி என்ற சொல்லை நாம் எங்கிருந்து பெற்றோமோ, அந்த இலக்கியத்தைப் படிக்கும் முறையிலேயே இக்குறை தொடங்குகிறது என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். இராமலிங்க அடிகளின் திருவருட்பா, ஆறாம் திருமுறை, அருள்விளக்க மாலையில் முக்கனியைப் பிழிந்து செய்யும் ஓர் இனிப்பை அடிகள் விரித்துரைக்கும் பாடல் அது. மலேசியத் தமிழர் மேடைகளிலும் சன்மார்க்க அன்பர் கூட்டங்களிலும் அடிக்கடி ஒலிப்பது. இசைவாணர் விரும்பிப் பாடுவது. அன்பர் பலருக்கு மனப்பாடமாகவும் இருக்கும்.

பாடலின் பொருளை என் உரைநடையில் தருகிறேன். மூன்று கனிகளையும் வெவ்வேறாகப் பிழிந்து, வடித்து, அதன் பின்னரே ஒன்றாகக் கூட்ட வேண்டும். சர்க்கரையும் கற்கண்டுப் பொடியும் மிகுதியாகக் கலக்க வேண்டும். தேனைப் பெய்து, பசுவின் பாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, பருப்பிடித்த மாவை விரவ வேண்டும். மணமுள்ள நெய்யை அளைந்து, இளஞ்சூட்டில் இறக்க வேண்டும். இவ்வாறு எடுத்த சுவைக்கட்டியைக் காட்டிலும் இனிப்பது இறைவனாகிய தெள்ளமுது என்று பாடல் சொல்கிறது.

மேடையில் இதை விளக்குவோர் பெரும்பாலும் சொல்வது ஒன்றே: “அடிகள் இனிப்புப் பொருள்களை எல்லாம் அடுக்கிக் காட்டினார், எல்லாவற்றினும் இறைவன் இனியன் என்றார்.” அவ்வளவில் நிறுத்திக்கொள்வர். அடுக்கு என்று கண்டவுடன் கருத்தை நிறுத்திவிடுகிற இப்பழக்கந்தான் பாடலைக் கெடுக்கிறது. உண்மையான அடுக்கு எப்படி இருக்கும் என்பதை அப்பரடிகளிடம் காணலாம். ஐந்தாம் திருமுறையில் திருவிடைமருதூர்ப் பெருமானைப் பாடும்பொழுது அவர் பழத்தையும் கரும்பின் கட்டியையும் மகளிரையும் முடியரசையும் வரிசையாக நிறுத்தி, இவை அனைத்தினும் இனியன் என்றார். அங்கே பழம் பழமாகவே நிற்கிறது. கட்டி கட்டியாகவே நிற்கிறது. வரிசையை மாற்றினாலும் பொருள் மாறாது. அருட்பாப் பாடலிலோ வரிசையை மாற்ற இயலாது. வடித்த பிறகு கூட்டுதல், கூட்டிய பிறகு பால் சேர்த்தல், மாவை விரவிய பிறகு நெய் அளைதல் என ஒவ்வொரு வினையெச்சமும் அடுத்ததற்கு வழிவிட்டு நிற்கிறது. பிழிந்து, வடித்து, கூட்டி, கலந்து, பெய்து, சேர்த்து, விரவி, அளைந்து, இறக்கி என்று ஒன்பது வினைகள். இத்தனையும் கடந்த பின்னர்தான் உறழ்ச்சி வருகிறது. இறைவனைவிடத் தாழ்ந்தது என்று காட்டுவதற்காகவே ஒரு பண்டத்தை இவ்வளவு கருத்தோடு அடிகள் சமைத்தார். பண்டம் பழுதானால் உறழ்ச்சியும் பழுதாகும் அன்றோ!

இனி, பாடலில் மும்முறை வரும் ‘தனி’ என்னும் சொல்லைக் காண்போம். முதலில் கனிகளுக்கு அடையாகத் ‘தனித்தனி’. அடுத்துத் தேனுக்கு அடையாகத் ‘தனித்த’. மூன்றாவது தேங்காய்க்கு உரிய ‘தனிப்பால்’. இவை எதுகை நோக்கி வந்தவை, பொருளுக்காக வந்தவை அல்ல என்று யாப்பு அறிந்தோர் மறுக்கக்கூடும். நான்கடிகளின் தொடக்கத்திலும் ‘னி’ என்ற இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதால், முதலிரண்டு இடங்களில் அம்மறுப்புக்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் ‘தனிப்பால்’ அடியின் தலையில் நிற்கவில்லை; எண்சீர் அடியின் நடுவில், ஐந்தாம் சீராக நிற்கிறது. அடியெதுகை அதை அங்கே கேட்கவில்லை. அடிகள் கேட்டார். முதலில் பிழிந்த, நீர் கலவாத தேங்காய்ப் பால் என்பதே அதன் பொருளாக இருத்தல் வேண்டும். மலாய்க்காரர் ‘பாத்தி சந்தான்’ என்று கூறுவதும் நம் வீட்டுப் பெண்கள் ‘முதற்பால்’ என்பதும் இதுவே. இதை ஒப்புக்கொண்டால், முதற்சொல்லாகிய ‘தனித்தனி’யையும் ஓசை நிரப்பும் சொல்லாகத் தள்ளிவிட முடியாது.

கனிகளைத் தனித்தனியே பிழிவது ஏன்? ஒவ்வொரு பழத்தின் இயல்பும் வேறு என்பதே விடை. வாழைப்பழத்தைப் பிழிந்தால் சாறு வராது; துணியில் இட்டு அழுத்திக் கூழாக வாங்க வேண்டும். மாம்பழத்தில் சாறும் உண்டு, நாரும் உண்டு, சிறிது புளிப்பும் உண்டு. பலாவில் இரு வகை. வருக்கையின் சுளை கெட்டியானது. அதைப் பிழிய இயலாது, அரியத்தான் முடியும். கூழன் என்னும் வகையோ குழைந்த சுளையும் மிகுந்த நாரும் உடையது; பிழிந்து வடிப்பதற்கு உரியது அதுவே. ஆகவே அடிகள் கருதியது கூழன் பலா என்று கொள்வதற்கு ‘வடித்து’ என்ற ஒரு சொல் போதும். பலாவுக்குப் பேர்பெற்ற பண்ணுருட்டி வட்டாரம் வடலூருக்கு அணித்தே இருப்பதையும் நினைக்க வேண்டும். 1867-இல் வடலூரில் தருமசாலை கண்டு, இன்றளவும் அணையாத அடுப்பை மூட்டிவைத்தவர் அவர். நித்திய கரும விதியில் உணவு முறையை நுணுகி எழுதியவரும் அவரே. அத்தகையவர் பழத்தின் வகை அறியாமல் பாடினார் என்பது பொருந்துமா?

ஜொகூரில் கூழன் பலாவுக்கு நேர் நிற்பது செம்பெடாக். பலாவின் உடன்பிறப்பு என்றே அதைச் சொல்லலாம். தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைப்பர். சுளை சிறியது, குழைவானது, நார் மிக்கது, மணம் பலாவினும் கடியது. இங்கே அதை மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்பதே பெருவழக்கு. பொரித்த பண்டம் சுவையானதுதான், மறுக்கவில்லை. எனினும் அதே சுளையைக் கையால் பிசைந்து, மெல்லிய துணியில் வடித்து, முதற்பாலுடன் சேர்த்துப் பார்த்தவர்கள் அருட்பாவின் இரண்டு வினைகளுக்கும் பொருள் உணர்வார்கள். வடிக்காமல் சேர்த்தால் நார் பல்லில் சிக்கும். பாயசம் கஞ்சி போலாகிவிடும்.

தனித்தனி என்ற நெறியை மீறினால் நேரும் கேட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது நம் மாநிலத்துக்கே உரிய அன்னாசி. பொந்தியான் வட்டாரத்துச் சதுப்புக் கரிமண்ணில் அது செழித்து விளைகிறது. பெக்கான் நானாஸ் என்ற ஊர்ப்பெயருக்கே அன்னாசி நகர் என்பது பொருள். ஜொகூர் வகையையும் சரவாக் வகையையும் இணைத்து மார்டி ஆராய்ச்சி நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ஜோசபைன் என்ற இனமும் இம்மண்ணோடு தொடர்புடையது. இப்புதுப்பழத்தை அரிந்து நேரே பசும்பாலில் இட்டால் என்ன ஆகும்? புளிப்பினால் பால் திரியும். அதுவன்றிப் புரோமலின் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைக்கும்; சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும். அன்னாசியைத் தனியே சர்க்கரையுடன் வேகவைத்துவிட்டால் அந்நொதி வெப்பத்தால் அழிந்துவிடும். பிறகு ஆறவிட்டுத் தேங்காய்ப் பாலில் சேர்க்கலாம். கசக்காது. டின் அன்னாசி பாலில் கசப்பதில்லை என்று வியப்போர் உண்டு. வியப்புக்கு இடமில்லை, டின்னில் அடைக்கும்போதே அது வெந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வளர்ந்த அன்னாசி டின் தொழிலில் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அதன் பெருமையைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் டின்னுக்குப் பழகிய கை, புதுப்பழத்தின் இயல்பை மறந்துவிட்டது. ஒரு முறை பால் திரிந்ததும் அஞ்சி, மறுபடியும் டின்னையே நாடுகிறது. பழத்தின் குற்றமன்று அது. ஒன்றாகக் கூட்டுமுன் தனியே பக்குவம் செய்யாத குற்றம்.

பாடலில் ஆராய்ச்சிக்குரிய சிக்கல்கள் இரண்டு உண்டு. உரை சொல்வோர் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதில்லை. ஒன்று, ‘பருப்பிடி’ என்பதில் உள்ள பருப்பு எது என்பது. பாசிப்பருப்பு போன்ற பயற்றின் பருப்பையும் அச்சொல் குறிக்கும்; முந்திரி போன்ற கொட்டையின் பருப்பையும் குறிக்கும். மற்றொன்று, ‘இளஞ்சூட்டின் இறக்கி’ என்பதற்கு என்ன பொருள் என்பது. சிறு தீயில் நெடுநேரம் வைத்து இறக்குதல் என்றும் கொள்ளலாம். பண்டம் கொதிநிலை அடையாமல் இளஞ்சூட்டில் இருக்கும்பொழுதே இறக்குதல் என்றும் கொள்ளலாம். இச்சிக்கல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. இளஞ்சூட்டிலேயே விரைந்து இறக்குவதானால் பச்சைப் பயற்றுமாவு வேகாது. பச்சை வாடை நிற்கும். அப்பொழுது வறுத்து இடித்த பருப்பாகவோ, வேகவைக்கத் தேவையில்லாத கொட்டைப் பருப்பாகவோ இருத்தல் வேண்டும். நெடுநேரம் சிறு தீயில் கிளறுவதானால் எப்பருப்பும் வெந்துவிடும்.

அகராதி இவற்றுக்கு முடிவு சொல்லாது. அடுப்புச் சொல்லக்கூடும். ஜொகூரின் மலாய் அடுப்பில் இவ்விரு பொருளுக்கும் ஒவ்வொரு பண்டம் கிடைக்கிறது என்பதைக் கண்டபொழுது எனக்கு உவகை உண்டாயிற்று. சிறு தீயில் நெடிது கிளறுவதற்கு லெம்போக் சான்று. டுரியான் சுளையைச் சர்க்கரையோடு பெரிய இரும்புச் சட்டியில் இட்டு, மணிக்கணக்காகக் கிளறி, நிறம் கருத்துச் சட்டியை விட்டு விலகும்போது இறக்குவர். அது கட்டியாகும், பல நாள் கெடாது. இளஞ்சூட்டிலேயே இறக்குவதற்கு டுரியான் பெங்காட் சான்று. மலாக்காச் சர்க்கரை எனப்படும் பனைவகை வெல்லத்தைத் தேங்காய்ப் பாலில் கரைத்து, பண்டான் இலையும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டு, சிறு தீயில் சூடேற்றி, சுளையைக் கடைசியில் சேர்த்து இறக்கிவிடுவர். கொதிக்க விட்டால் தேங்காய்ப் பால் முறிந்து எண்ணெய் பிரிந்து நிற்கும் என்பது அவர்கள் வீட்டுச் சிறுமிகளுக்கும் தெரியும்.

இவற்றுள் அடிகள் கருதியது எது? பாடலில் ‘கட்டி’ என்ற சொல் இருக்கிறது. மூன்று கனிச் சாறும் இருவகைப் பாலும் சேர்ந்த நீர்மப் பொருள் கட்டியாக வேண்டுமானால், சிறு தீயில் நீர் வற்றியே ஆக வேண்டும். எனவே லெம்போக்கின் வழியையே நான் பாடலுக்கு உரியதாகக் கொள்கிறேன். அங்ஙனமாயின், நம்மவர் இப்பாடலைச் சொல்லிவிட்டுப் பாயசத்தைக் காட்டுவதும் சற்றுப் பொருந்தாததே; பாடலில் உள்ளது கிண்டிய பண்டம், ஊற்றிக் குடிப்பதன்று. ஆனால் எப்பொருள் கொண்டாலும் ‘இளம்’ என்ற அடை மாறாமல் நிற்கிறது. பெருந்தீயில் தளதளவென்று கொதிக்கவிடும் நம் விருந்து வழக்கத்துக்குப் பாடலில் எள்ளளவும் ஆதரவு இல்லை.

இன்னொன்று. பாடலில் ஏலக்காய் இல்லை, பச்சைக் கற்பூரம் இல்லை, குங்குமப்பூவும் இல்லை. ‘நறு’ என்ற அடையைத் தேனுக்கும் நெய்க்கும் மட்டுமே அடிகள் தந்தார். மணத்தைக் கனியிடமும் அவ்விரண்டிடமும் விட்டுவிட்டார். நாமோ எந்தப் பாயசமானாலும் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறோம். சேமியாவுக்கு அது தேவை. சேமியாவுக்குச் சொந்த மணம் ஏது? செம்பெடாக்கின்மேல் ஏலக்காய் போடுவது நாதசுரத்துக்கு நடுவே ஆர்மோனியம் வாசிப்பது போன்றது.

பாடல் முற்றும் குறையற்றது என்று கூறவும் நான் வரவில்லை. சர்க்கரை, கற்கண்டு, தேன் என இனிப்பு மூன்று. அதிலும் ‘மிக’ என்ற அடை. முதிர்ந்த முக்கனியின் இனிப்போடு இவையும் கூடினால் நாக்குச் சலித்துவிடும். தேனை அடுப்பேற்றினால் அதன் நறுமணம் குன்றும் என்பதும் உண்மை. பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழத்தோடு தேனும் கற்கண்டும் நெய்யும் சேர்ந்தும் மணம் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதை அடுப்பில் ஏற்றாமையே. அடிகளின் நோக்கம் இனிப்பின் எல்லையைக் காட்டுவது. ஆகவே மிகை பாடலுக்குத் தகும். சட்டிக்குத் தகாது. செய்து பார்க்க விரும்புவோர் சர்க்கரையைக் குறைத்து, தேனை இறக்கிய பின் சேர்ப்பது நலம்.

‘இவ்வளவு ஏன்? நல்ல பழத்தைச் சமைப்பதே பிழை. அப்படியே தின்பதே முறை’ என்பார் உண்டு. அவர்கள் பக்கம் வலிமையான சான்று ஒன்றும் உண்டு. இராமலிங்க அடிகள் பிறந்த அதே 1823-இல் பிறந்த இயற்கை நூலறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், 1854-இல் நம் ஜொகூர் எல்லையில் உள்ள லேடாங் மலையில் ஏறியவர். பின்னர் போர்னியோவில் டுரியானுக்கு அடிமையானார். 1869-இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் அப்பழத்தின் சுவையை அவர் புகழ்ந்த பகுதி பலர் அறிந்தது. அங்கே ஒரு வேடிக்கை. சமைக்காத ஒரு பழத்தின் சுவையை விளக்க, வாதுமை மணக்கும் பாற்கூழையும் பாலாடைக் கட்டியையும் வெங்காயக் குழம்பையும் ஒருவகை மதுவையும் அவர் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. வாலஸ் பழத்தைச் சொல்ல அடுக்களைக்குப் போனார். அடிகள் இறைவனைச் சொல்ல அடுக்களைக்குப் போனார். மங்குஸ்தீனையும் ரம்புத்தானையும் பொறுத்தவரை அந்த மறுப்பாளரோடு நான் முழுதும் உடன்படுகிறேன். அவற்றை அடுப்பில் வைப்பது வீண். டுரியானும் செம்பெடாக்கும் மாவும் வாழையும் அப்படியல்ல. அவற்றின் கொழுமையைத் தேங்காய்ப் பால் ஏந்திக்கொள்கிறது.

மற்றொரு மறுப்பு மரபு பற்றியது. முக்கனி என்றால் மா, பலா, வாழை. டுரியான் அதில் எங்கே வந்தது என்று கேட்பர். டுரியானை அடிகள் கருதினார் என்று கூறுவது நேர்மையாகாது. அவர் மரபை ஒட்டியே சொன்னார். எனினும் பாடலில் மூன்று பழங்களின் பெயரும் இல்லை என்பதை நோக்க வேண்டும். எண் இருக்கிறது, முறை இருக்கிறது. பெயர்களை இன்றியமையாதனவாகக் கருதியிருந்தால், இத்தனை பொருள்களை விரித்தவர் அவற்றையும் விரித்திருப்பார். ஜொகூரில் ஆடியில் நல்ல மாம்பழம் வேண்டுமானால் பெரும்பாலும் வெளியூர்ப் பழத்தையே தேடவேண்டும். செம்பெடாக்கும் டுரியானும் வாசலில் கிடக்கின்றன. பெயரைக் காப்பதற்காக டின்னைத் திறப்பவர் முறையைக் கைவிடுகிறார். முறையைக் காப்பவர் பெயரில் சிறிது விட்டுக்கொடுக்க நேரும். இரண்டாம் வழியே பாடலுக்கு அணுக்கமானது என்பேன். முக்கனி மும்மலத்தைக் குறிக்கும், ஆதலால் எண்ணும் பெயரும் மாறலாகாது என்று தத்துவம் காட்டுவோரும் உண்டு. மும்மலத்தைப் பிழிந்து சர்க்கரை சேர்த்து உண்ணச் சொன்னாரா அடிகள்? அவ்விளக்கத்தை இதற்குமேல் தொடர்வதில் பயனில்லை.

பழங்கள் கலப்பதைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்று ஒன்றை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அகநானூற்றின் இரண்டாம் பாடலில் கபிலர் ஒரு மலைச்சாரலைக் காட்டுகிறார். முதிர்ந்த வாழைக்கனியும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் தாமே வீழ்ந்து ஊறித் தேறலாக மாறுகின்றன. அதை நீர் என்று நினைத்துக் குடித்த ஆண்குரங்கு, அருகில் மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரத்தில் ஏறமாட்டாமல் பூக்களின்மேல் படுத்து உறங்குகிறது. அங்கே கனிகளைத் தனித்தனியே பிழிந்தவர் இல்லை, வடித்தவர் இல்லை, தீயும் இல்லை. காலம் ஒன்றே வேலை செய்தது. கிடைத்தது கள். அதே வாழையும் பலாவும் அருட்பாவில் கையும் துணியும் சிறு தீயும் பட்டு அமுதுக்கு அடுத்த பண்டமாகின்றன. கபிலருக்கும் அடிகளுக்கும் இடையே தமிழர் பழத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்ன என்பதை ஆராய்வோர் இவ்விரு பாடல்களையும் அருகருகே வைக்கலாம்.

ஜொகூர்த் தோட்டங்களில் இவ்விரு வழிகளையும் இன்றும் காணலாம். டுரியானை மரத்திலிருந்து பறிப்பது இங்கு வழக்கமன்று. இரவில் தானே விழும்வரை காத்திருப்பர். விழுந்த பழம் ஓரிரு நாளில் புளிக்கத் தொடங்கும். தின்று மீந்த சுளையை என்ன செய்வது என்ற கேள்விக்கு மலாய்க் குடும்பங்களில் விடை இரண்டு. உப்பிட்டு ஊறவைத்தால் தெம்போயாக். அது குழம்புக்கு ஆகும். சர்க்கரையிட்டுச் சிறு தீயில் கிளறினால் லெம்போக். அது இனிப்புக்கு ஆகும். இவ்வாடியில் நம் வீடுகளில் யாரேனும் இரண்டாவதைச் செய்ய முற்பட்டால், சுளையைக் கொட்டையிலிருந்து எடுத்தபின் எடை பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரை அதில் நான்கில் ஒரு பங்கு போதும். நெய் கடைசியில். தீ இளையதாகவே இருக்கட்டும்; கிளறும் கை ஓயக்கூடாது.